துளைக்குள் ஒரு வேலைநாள்

பாகிஸ்தானின் சிந்து மாகாணத்தில் உள்ள சான்ஹுதாரோ, ஹரப்பா (சிந்துவெளி) நாகரிகத்தின் ஊர்களில் ஒன்று. அங்கே 1935-36இல் தொல்லியலாளர் எர்னஸ்ட் மக்கே தோண்டியபோது, கல்லில் மணிகள் செய்யும் பட்டறை ஒன்று வெளிப்பட்டது. அங்கே கிடைத்தவற்றில் முழு மணிகளைவிடப் பாதியில் நின்றவையும் உடைந்தவையும்தான் பெரிய புதையல். மெருகேற்றிய மணியில் முந்தைய வேலையின் தடயம் தேய்ந்து போயிருக்கும். அரைகுறை மணிகளை வரிசையாக அடுக்கினால் வேலையின் படிகள் தெரிந்துவிடும்: தட்டி உருவம் கொடுத்தல், தேய்த்தல், துளையிடல், அப்புறம் மெருகு.

சரி, முடித்த மணியில் ஒன்றுமே மிஞ்சாதா? மெருகு எட்டாத இடம் ஒன்று உண்டு, துளையின் உட்புறம். பல் அச்சு எடுக்கும் சிலிக்கன் பசையைத் துளைக்குள் செலுத்தி, இறுகியதும் உருவி, எலக்ட்ரான் நுண்ணோக்கியில் பார்க்கிறார்கள். (இந்த முறையில் நிறைய ஆய்வு செய்த லியனார்ட் கோரெலிக் பல் மருத்துவரேதான்!) அச்சில் பதிந்த கீறல்களை வைத்து எந்த வகைத் துளையூசி என்று கணிக்கலாம். இரு முனையிலிருந்தும் துளைத்திருந்தால், நடுவில் சந்தித்த இடத்தில் சின்னப் படி இருக்கும்.

சூதுபவளம் என்ற சிவப்புக் கல் லேசில் துளைபடாது. அதைத் துளைக்க ஹரப்பா மக்கள் பயன்படுத்திய கடினக் கல்லுக்கு ஆய்வாளர்கள் கெனோயரும் விடாலேயும், மக்கேயின் நினைவாக, எர்னஸ்டைட் என்று பெயர் வைத்தார்கள். அதே கல்லால் துளைத்துப் பார்த்ததில் ஒரு மணி நேரத்தில் சுமார் 2.5 மி.மீ.தான் இறங்கியது. அப்படியானால் 12 செ.மீ. நீளத்துக்கு 48 மணி நேரம். கராச்சிக்கு அருகே அல்லாதினோவில் கிடைத்த ஒட்டியாணத்தில் நீள மணிகள் 36. பெருக்கிப் பாருங்கள்; துளையிடும் நேரம் மட்டுமே எவ்வளவு வருகிறது!

யார் எங்கே உட்கார்ந்து செய்தார்கள் என்பது இதைவிடச் சிக்கல். இதற்குத்தான் ஆய்வாளர்கள் குஜராத்தின் கம்பாத்துக்குப் போனார்கள். அங்கே இன்றும் கல்மணித் தொழில் நடக்கிறது, துளையூசியில் வைர முனை என்றாலும். பட்டறைத் தரையைக் கூட்டிப் பெருக்கும்போது பெரிய சில்லுகள் குப்பை மேட்டுக்குப் போய்விடும். பொடிச் சில்லுகள் மிதிபட்டுத் தரையிலேயே புதைந்துவிடும். அதனால் குப்பை மேட்டை வைத்துப் பட்டறையின் இடத்தை முடிவு செய்வது அவசரம். தரை மண்ணைச் சலித்துப் பொடியைத் தேட வேண்டும். எல்லாப் படிகளின் கழிவும் ஒரே இடத்தில் இருந்தால், முழு வேலையும் அங்கேயே நடந்திருக்க வாய்ப்பு அதிகம். தேய்ந்த துளையூசிகள் மட்டும் குவிந்திருந்தால், துளையிடுவதற்கென்றே தனி ஆட்கள் இருந்தார்களோ என்று யோசிக்கலாம். அவர்களுக்கு என்ன கூலி என்பதை எந்தச் சில்லும் சொல்லாது.