வாந்தி மாத்திரை எந்தக் கதவை அடைக்கிறது?

"ஊருக்குப் போகும்போது வாந்தி வரக்கூடாதென்று ஒண்டான்செட்ரான் போட்டேன். கேட்கவே இல்லையே, ஏன்?" பலரும் கேட்கும் கேள்வி இது. மருந்தில் கோளாறு இல்லை. பயண வாந்தி வரும் வழி வேறு, அந்த மாத்திரை அடைக்கும் வழி வேறு.

வாந்தியை நடத்துவது மூளையின் அடிப்பகுதியான முகுளத்தில் உள்ள நரம்புக் கூட்டம். அதன் உத்தரவு வந்ததும் குரல்வளை மூடிக்கொள்ளும், உதரவிதானமும் வயிற்றுத் தசைகளும் சேர்ந்து இறுகும். இரைப்பையோ தளர்ந்துதான் கிடக்கும். பிதுக்கி வெளியே தள்ளுவது சுற்றியுள்ள தசைகள்தாம். அந்த உத்தரவைத் தூண்டும் சேதி எங்கிருந்து வருகிறது என்பதைப் பொறுத்தே மருந்து.

அதிசயமான வழி குடலிலிருந்து வருவது. சேதி கடத்தும் வேதிப்பொருளான செரடோனினில் ஏறத்தாழ 90 சதவீதம் குடலில்தான் இருக்கிறது, பெரும்பாலும் குடல் சுவரில் ஆங்காங்கே பதிந்திருக்கும் சிறப்புச் செல்களுக்குள். சிஸ்பிளாட்டின் போன்ற புற்றுநோய் மருந்து ஏறியதும் இந்தச் செல்கள் செரடோனினைக் கொட்டுகின்றன. பக்கத்திலேயே, மூளைக்குச் சேதி கொண்டுபோகும் வேகஸ் நரம்பின் நுனிகள். அந்த நுனியில் ஐந்து புரதத் துண்டுகள் வட்டமாக நின்று, நடுவே ஒரு துளையை மூடி வைத்திருக்கின்றன. செரடோனின் ஒட்டியதும் துளை திறக்கிறது, சோடியம் உள்ளே பாய்கிறது, சில மில்லி நொடிகளில் மின்துடிப்பு மூளைக்குக் கிளம்பிவிடுகிறது. செரடோனின் வந்து ஒட்டும் இத்தகைய புரதங்களை ஏற்பிகள் என்பார்கள். அவற்றில் இப்படித் தானே கதவாகவும் இருப்பது இந்த ஒரு வகை மட்டுமே. ஒண்டான்செட்ரான் செரடோனினின் இடத்தில் போய் உட்கார்ந்துகொள்கிறது, கதவு திறப்பதில்லை. குடலின் அசைவுக்கும் இதே ஏற்பி வேண்டும் என்பதால்தான் இந்த மாத்திரை போட்டவர்களுக்கு மலச்சிக்கல் வருகிறது.

ஸ்டஃபைலோகாக்கஸ் என்ற கிருமியின் நஞ்சு கலந்த உணவும் வேகஸ் வழியாகவே வாந்தியைக் கிளப்புகிறது. சாப்பிட்ட அரை மணியிலிருந்து 8 மணி நேரத்துக்குள் வாந்தி தொடங்கும். மறுபடி கொதிக்க வைத்தால் கிருமி சாகும், நஞ்சு சாகாது.

ரத்தத்தில் வரும் நஞ்சை மோப்பம் பிடிப்பது முகுளத்தில் உள்ள ஏரியா போஸ்ட்ரீமா என்ற சிறு பகுதி. மூளையின் மற்ற இடங்களைக் காக்கும் ரத்தத் தடுப்பு இங்கே இல்லை. மார்ஃபின் குமட்டலைத் தூண்டும் இடங்களில் இது முக்கியமானது. டாம்பெரிடோன் என்ற வாந்தி மருந்து மூளைக்குள் எளிதில் நுழையாது, ஆனால் தடுப்புக்கு வெளியே இருக்கும் இந்த இடத்தில் டோபமைன் என்ற இன்னொரு சேதிப்பொருளின் ஏற்பியை அடைத்துவிடும். அதே வேலையைச் செய்யும் மெட்டோகுளோபிரமைடு மூளைக்கு உள்ளேயும் போய்விடுவதால் சிலருக்கு, குறிப்பாக இளவயதினருக்கு, கழுத்து முறுக்கிக்கொள்ளும், கண் மேலே செருகும்.

பயண வாந்தியின் சேதி உட்காதிலிருந்து, ஹிஸ்டமின், அசிட்டைல்கோலின் என்ற வேறு சேதிப்பொருள்கள் வழியே வருகிறது. அதற்கு மெக்லிசின் அல்லது ஹயோசின்தான். மெக்லிசினைக் கிளம்புவதற்கு 1 மணி நேரம் முன்பே போட வேண்டும். குமட்டல் தொடங்கியபின் இரைப்பை அசைவு மந்தமாகிவிடும். மாத்திரை குடலுக்கு இறங்காமல் அங்கேயே கிடக்கும்.

எலிகளால் வாந்தி எடுக்க முடியாது. அதனால் வாந்தி பற்றிய ஆய்வுக்கு ஃபெரட் (கீரி போன்ற சிறு விலங்கு), மூஞ்சூறு போன்ற விலங்குகளைத் தனியாக வளர்க்க வேண்டியிருக்கிறது. செலவு அதிகம்தான், ஆனாலும் நிதி கொடுப்பவர்கள் இதில் கை சுருக்கக்கூடாது என்பது என் உறுதியான கருத்து. சிஸ்பிளாட்டின் ஏற்றிய 2-ஆம் நாளுக்குப் பிறகு வரும் வாந்தியை ஒண்டான்செட்ரான் அவ்வளவாகத் தடுப்பதில்லை, அங்கே முதன்மையாக வேலை செய்வது சப்ஸ்டன்ஸ் பி என்ற மற்றொரு சேதிப்பொருள் என்று புரிந்ததில் ஃபெரட்டுகளுக்குப் பெரும் பங்குண்டு. அதை அடைக்கும் அப்ரெபிடன்ட் 2003-இல் அமெரிக்காவில் அனுமதி பெற்றது: முதல் நாள் 125 மில்லிகிராம், அடுத்த இரண்டு நாளும் 80. முதல் நாள் வாந்தி வரவில்லையே என்று மீதி இரண்டையும் எடுக்காமல் விடுகிறவர்கள்தாம் 3-ஆம் நாள் தவித்துப்போகிறார்கள்.