நிறுவனக் குடிமை: இதில் உரிமை எங்கே வந்தது?

மேலாண்மைப் பாடங்களில் 'நிறுவனக் குடியுரிமை நடத்தை' என்றொரு தொடர் வரும். படித்ததும் பாஸ்போர்ட்தான் நினைவுக்கு வருகிறது. விஷயமோ வேறு. விடுப்பில் போனவரின் வேலையையும் இழுத்துப்போட்டுச் செய்வது, புதிதாகச் சேர்ந்தவருக்கு யாரும் சொல்லாமலே தொழில் நுணுக்கம் காட்டிக்கொடுப்பது போன்றவற்றுக்கு வைத்த பெயர் அது.

மூலம், ஆர்கனைசேஷனல் சிட்டிசன்ஷிப் பிஹேவியர். இண்டியானா பல்கலைக்கழகத்தின் டென்னிஸ் ஆர்கனும் உடன் ஆய்வாளர்களும் 1983-இல் கொண்டுவந்த பெயர். தானாக முன்வந்து செய்வது, சம்பளம், பதவி உயர்வுக் கணக்கில் நேராகச் சேராதது, மொத்தத்தில் நிறுவனத்துக்கு நன்மை தருவது என்று 1988-இல் அவர் வரையறுத்தார். 1997-இல் அந்த நடு நிபந்தனையை அவரே தளர்த்திவிட்டார். சரிதானே, மேலாளர் கண்ணில் பட்ட உதவி மதிப்பீட்டில் எங்காவது எட்டிப் பார்க்காமலா போகும்?

தமிழில் தவறு 'உரிமை'யில் இருக்கிறது. குடியுரிமை என்பது சட்டம் தரும் தகுதி. ஆர்கன் சொல்வதோ நல்ல குடிமகனின் பொறுப்பு. அதற்குக் 'குடிமை' போதும். குடிமையியல், குடிமைப் பணி என்று ஏற்கெனவே புழங்குகிற சொல்தான். (குறளில் குடிமை என்றால் நற்குடிப் பிறப்பு. அந்தப் பொருள் இன்று வழக்கில் இல்லை.)

பதிலுக்கு எதையும் எதிர்பாராமல் பிறருக்கு உதவும் 'ஒப்புரவு' இன்னும் அழகு. 'கைம்மாறு வேண்டா கடப்பாடு' என்று குறளின் ஒப்புரவறிதல் அதிகாரம் தொடங்கும்போது, ஆர்கனின் 1988 வரையறையே கேட்கிறது. ஆனால் கிறித்தவ வழக்கில் ஒப்புரவு என்றால் பிணக்குத் தீர்ந்து சேர்வது. குழப்பம் வரும்.

இதோடு சேர்த்து ஆராயப்படுவது 'இமோஷனல் இன்டெலிஜென்ஸ்', அதாவது தன் உணர்வையும் பிறர் உணர்வையும் அறிந்து கையாளும் திறன். பீட்டர் சாலவியும் ஜான் மேயரும் 1990-இல் அதை ஒரு கோட்பாடாக வகுத்தார்கள். மனவெழுச்சி நுண்ணறிவு, உணர்வுசார் நுண்ணறிவு என்று தமிழில் எழுதுகிறோம். பக்கத்தில் ஒருவர் திணறுவது தெரிந்தால்தானே கேட்காமலே கைகொடுக்க முடியும்? இரண்டுக்கும் உள்ள தொடர்பு அதுதான். அந்தத் 'தெரிவதற்கு' வள்ளுவர் வைத்த பெயர் குறிப்பறிதல். அதைக் காதலர்க்கு மட்டுமல்ல, அரசனிடம் வேலை பார்க்கும் அமைச்சருக்கும் தனி அதிகாரமாக வைத்தார். ஆனாலும் தன் கோபத்தைத் தானே கவனித்து ஆற்றிக்கொள்வது குறிப்பறிதலில் அடங்காது. அதனால் முழுக் கோட்பாட்டுக்கு உணர்வுசார் நுண்ணறிவு என்பதே இருக்கட்டும்.

அப்புறம், வீட்டிலும் வயலிலும் எந்த ஆய்வுக்கும் முன்பே ஒரு சொல் இருந்தது: கூடமாட ஒத்தாசை. ஆய்வேட்டுத் தலைப்பில் அதைப் போட எந்த நெறியாளரும் விடமாட்டார். அங்கே 'நிறுவனக் குடிமை' என்றே எழுதிக்கொள்ளுங்கள்.