ஓசூர் 43, கிருஷ்ணகிரி 44: ஏரிக்கரையைக் கணினிக்குள் கொண்டுவருதல்

லேண்ட்ஸ்கேப் ஆர்க்கிடெக்சர் (நிலவெளி வடிவமைப்பு) மாணவர்கள் பெரும்பாலும் மென்பொருளைத் தலைகீழாகத்தான் கற்கிறார்கள். முதலில் முப்பரிமாணப் படம் வரையும் ஸ்கெட்ச்அப், அதற்கு மெருகூட்டும் லூமியன். புல்லும் மரமும் மாலை வெயிலும் ஒரே வாரத்தில் அழகாக வந்துவிடும். தரை எத்தனை மீட்டரில் இருக்கிறது என்ற கேள்வி ஆசிரியர்கள் மதிப்பிடும் ஜூரி நாளன்றுதான் எழும். ஓர் ஏரிக்கரைப் பூங்காவை வடிவமைக்க முதலில் தெரிய வேண்டியது இடம், அடுத்து மட்டம், பிறகு தண்ணீர். மரத்தைக் கடைசியில் நடலாம்.

இடம் என்பது கிருஷ்ணகிரி, தர்மபுரி ஆகிய இரு மாவட்டங்களிலும் கொஞ்சம் வம்பு பிடித்த விஷயம். உருண்டைப் பூமியைத் தட்டையாக்க, யுடிஎம் என்ற வரைபட முறை உலகை 6 பாகை அகலமுள்ள 60 பட்டைகளாக வெட்டுகிறது. 43-ஆம் பட்டை கிழக்குத் தீர்க்கரேகை 72 முதல் 78 பாகை வரை. 44-ஆம் பட்டை 78 முதல் 84 வரை. அந்த 78 பாகைக் கோடு சூளகிரிக்கு அருகில் ஓடுகிறது. ஆகவே ஓசூர் 43-இல், கிருஷ்ணகிரி நகரம் 44-இல். தர்மபுரி நகரம் 44. பென்னாகரமும் ஒகேனக்கல்லும் 43. கியூஜிஸ் என்ற வரைபட மென்பொருளில் இந்தப் பட்டைகளின் அடையாள எண்கள் இ.பி.எஸ்.ஜி. 32643, 32644. கடைசி இலக்கத்தை மாற்றி அழுத்தினால், கிருஷ்ணகிரி ஏரி 6 பாகை மேற்கே நகர்ந்து அரபிக்கடலில் போய் விழும். அது நல்ல தவறு, உடனே கண்ணில் படும்.

கண்ணில் படாத தவறும் உண்டு. கிருஷ்ணகிரி தன் பட்டையின் ஓரத்தில் இருப்பதால், அங்கே 1 கிலோமீட்டர் தூரம் வரைபடத்தில் ஏறக்குறைய 1000.7 மீட்டராக நீள்கிறது. வரைபடத்தின் வடக்கு, உண்மை வடக்கிலிருந்து அரைப் பாகைக்குச் சற்று மேல் திரும்பியிருக்கிறது. 100 மீட்டர் பூங்காவில் 7 சென்டிமீட்டர்தான், விட்டுவிடலாம். கால்வாய் நீளத்தைக் கணக்கிடும்போது விட முடியாது.

வரைபடத்தை அப்படியே முப்பரிமாண மென்பொருளுக்குள் இழுத்தால் கோடுகள் நடுங்கும், மேற்பரப்பு கிழிந்ததுபோல் தெரியும். கணினியின் மீது பழி போடுவார்கள். காரணம் எளிது: கிருஷ்ணகிரியின் வடக்கு ஆயத்தொலைவு, அதாவது நிலநடுக்கோட்டிலிருந்து வடக்காக உள்ள தூரம், சுமார் 13,85,000 மீட்டர். திரையில் வரையப் பயன்படும் 32 பிட் எண்ணால், இவ்வளவு பெரிய மதிப்பை 12.5 சென்டிமீட்டர் படிகளில்தான் பிரித்துக் காட்ட முடியும். எனவே கிழக்கு ஆயத்தொலைவிலிருந்து 1,96,000, வடக்கு ஆயத்தொலைவிலிருந்து 13,85,000 என ஒரு முழு எண்ணைக் கழித்துவிட்டு வேலை செய்யுங்கள். கழித்த எண்ணைப் படத்தின் மூலையில் எழுதிவையுங்கள். எழுத மறந்தவர் பிறகு தேடிக்கொண்டிருப்பார்.

அடுத்து மட்டம். இலவசமாகக் கிடைக்கும் எஸ்ஆர்டிஎம் உயரத் தரவு, 2000 பிப்ரவரியில் எண்டெவர் விண்கலத்திலிருந்து ரேடாரால் அளந்தது. ஒரு கட்டம் சுமார் 30 மீட்டர். உயரத்தில் 16 மீட்டர் வரை பிழை வரலாம் என்று ஏற்றுக்கொண்டே அந்தப் பணி திட்டமிடப்பட்டது. மேல் அகலம் 3 மீட்டர் உள்ள ஏரிக்கரை அந்தக் கட்டத்துக்குள் கரைந்துபோகும். மாந்தோப்பு இருக்கும் இடம் மேடாகத் தெரியும், ரேடார் அலை இலைகளிலேயே திரும்பிவிடுவதால். இதிலிருந்து அரை மீட்டர் இடைவெளியில் சமஉயரக் கோடு எடுக்கும்படி கேட்டால் மென்பொருள் மறுக்காது. வளைந்து வளைந்து அழகாகவே வரைந்து கொடுக்கும். அதை நம்பக் கூடாது. நீர்ப்பிடிப்பு எங்கிருந்து தொடங்குகிறது என்று பார்க்க மட்டும் இது போதும்.

தளத்துக்குள் உயரம் அளக்கும் லெவல் கருவியோ, தூரமும் கோணமும் சேர்த்து அளக்கும் டோட்டல் ஸ்டேஷனோ வேண்டும். 10 மீட்டர் இடைவெளியில் எடுத்தால் ஏக்கருக்கு 40 புள்ளிகள். ஜிபிஎஸ் உயரத்தையும் இதையும் கலக்காதீர்கள்: பூமிக்குக் கணக்கில் வைத்திருக்கும் நீள்வட்ட வடிவத்திலிருந்து அளக்கும் ஜிபிஎஸ் உயரம் நம் பகுதியில் கடல்மட்ட உயரத்தைவிட 80 மீட்டருக்கும் மேல் குறைவாக வரும்.

புள்ளிகளை மென்பொருள் முக்கோணங்களாக இணைக்கிறது. அதற்குக் கரை எது, ஓடை எது என்று தெரியாது. பக்கத்துப் புள்ளியைப் பார்த்து இணைக்கும். கரையின் இந்தப்பக்கத்து அடியையும் அந்தப்பக்கத்து அடியையும் நேராக இணைத்துவிட்டால், நடுவில் கரையே உடைந்து கிடக்கும். அதனால் கரையின் மேல்விளிம்பு இரண்டு, அடிவிளிம்பு இரண்டு, ஓடையின் அடிக்கோடு ஆகியவற்றைத் தனிக் கோடுகளாக வரைந்து, முக்கோணம் இவற்றைத் தாண்டக் கூடாது என்று கட்டளையிட வேண்டும். இவற்றுக்கு பிரேக்லைன் என்று பெயர். சமஉயரக் கோடுகளிலிருந்தே மேற்பரப்பு செய்தால் இன்னொரு கோளாறு: முக்கோணத்தின் மூன்று முனையும் ஒரே சமஉயரக் கோட்டில் அமைந்து, மலைமுகடும் பள்ளமும் சப்பையாகிவிடும். படிக்கட்டுபோல் தெரிந்தால் இதுதான் காரணம்.

இனி தண்ணீர். நீர் ஓடும் வழியைக் கணிக்கும் டி8 என்ற முறையில், ஒவ்வொரு கட்டமும் தன்னைச் சுற்றியுள்ள 8 கட்டங்களில் சரிவு அதிகமானதற்கு எல்லா நீரையும் தள்ளுகிறது. 1 மீட்டர் கட்டத்தில் நேர்ப்பக்கம் 10 சென்டிமீட்டர் இறக்கம் என்றால் சரிவு 0.100. மூலைப்பக்கம் 12 சென்டிமீட்டர் இறக்கம் என்றாலும் தூரம் 1.414 மீட்டர் என்பதால் சரிவு 0.085தான். நீர் நேர்ப்பக்கமே போகும்.

இதற்கு முன் மென்பொருள் பள்ளங்களை நிரப்பிவிடும், நீர் எங்கும் நிற்காமல் ஓட வேண்டும் என்பதற்காக. சமவெளியில் பெரும்பாலான பள்ளம் அளவைப் பிழை, நிரப்புவது சரி. ஆனால் கிருஷ்ணகிரியின் கிரானைட் குவாரிக் குழி நிஜக் குழி, ஏரியும் நிஜப் பள்ளம். கண்ணை மூடிக்கொண்டு நிரப்பினால் ஏரி கரைமட்டம் வரை மண்மேடாகி, நீர் கரையின் தாழ்ந்த இடத்தைத் தேடி வழியும். கலங்கல் (மிகைநீர் வழியும் இடம்) ஒருபக்கம் இருக்க, படத்தில் ஓடை வேறுபக்கம் பாய்ந்தால் இதைச் சந்தேகியுங்கள். கலங்கலின் மட்டத்தை நேரில் அளந்து, அந்த இடத்தில் மட்டும் கரையை ஒரு கட்ட அகலத்துக்கு அதே மட்டம்வரை தாழ்த்திவிட்டு மறுபடி ஓடவிட்டால் கோடு சரியான வழியில் இறங்கும்.

1 ஹெக்டேரில் 50 மில்லிமீட்டர் மழை என்பது 500 கனமீட்டர். அதில் மூன்றில் ஒரு பங்கு ஓடிவந்தாலும் 160 கனமீட்டருக்கு மேல். நடைபாதையைக் கரையின் எந்தப் பக்கம் வைப்பது, புங்கனை எங்கே நடுவது என்பதெல்லாம் இந்த எண் கையில் இருக்கும்போது தீர்மானிப்பவை.