ஜூஸ் பக்கெட்டா, மரக்கறி ரின்னா: லேபிளைத் திருப்பிப் பாருங்கள்

மட்டக்களப்பில் நோயாளி பார்க்கப் போகிறவர்களின் கையில் இப்போதெல்லாம் ஒரு ஜூஸ் பக்கெட் இருக்கும், பிள்ளையின் பள்ளிக்கூடப் பையிலும் அதுதான். போசணை கிளினிக்கில் தாய்மாரிடம் கேட்டால், "சோடா குடுக்கிறதே இல்ல மிஸ், பழச்சாறுதான்" என்று நிம்மதியாகச் சொல்வார்கள். அதே தாயிடம் ரின்னில் வரும் பட்டாணி, கடலை பற்றிப் பேசினால் முகம் சுளிப்பார், அதெல்லாம் மருந்து போட்டது என்று. இரண்டு நம்பிக்கையையும் மாற்றிக்கொள்ள வேண்டும் என்பதற்காகத்தான் இதை எழுதுகிறேன்.

முன்பக்கத்து மாம்பழப் படத்தை விடுங்கள், பக்கெட்டின் பின்பக்கத்தைப் பாருங்கள். எது கூடுதலாக இருக்கிறதோ அதுதான் சேர்மானப் பட்டியலில் முதலில் வரும். பல பழச்சாறு பானங்களில் முதலில் தண்ணீர், அடுத்தது சீனி, அதற்குப் பிறகுதான் பழக்கூழ். அப்புறம் 2016 முதல் நம் நாட்டில் பானங்களுக்குப் போடப்படும் நிறக்குறி: 100 மில்லிலீற்றரில் சீனி 11 கிராமுக்கு மேல் என்றால் சிவப்பு, 2 முதல் 11 வரை செம்மஞ்சள், அதற்குக் கீழே பச்சை. செம்மஞ்சள்தானே, பரவாயில்லை என்று வாங்குகிறவர்கள் நிறையப் பேர். ஆனால் 10 கிராம் சீனி உள்ள பானமும் செம்மஞ்சள்தான், 200 மில்லிலீற்றர் பக்கெட் என்றால் 20 கிராம், அதாவது ஐந்து தேக்கரண்டி. இப்படிச் சேர்க்கும் சீனியிலிருந்து வரும் சக்தி ஒரு நாளின் மொத்தத்தில் 5 வீதத்துக்குள் இருந்தால் நல்லது என்கிறது உலக சுகாதார நிறுவனம், ஐந்து வயதுப் பிள்ளைக்கு அது ஏறக்குறைய 15 கிராம். ஒரு பக்கெட்டிலேயே அந்த அளவு தாண்டிவிடுகிறது, பிஸ்கட்டும் தேத்தண்ணியும் இன்னும் பாக்கி.

சீனி சேர்க்காத சுத்தமான சாறு? அதிலுள்ள பழச்சீனியையும் அந்த நிறுவனம் இதே கணக்கில்தான் சேர்க்கிறது, ஏனென்றால் பிழிந்து வடிக்கும்போது நார்ச்சத்து பெரும்பாலும் போய்விடுகிறது. விற்றமின் சி இருக்கிறது என்பீர்கள். ஒரு கொய்யாப்பழத்தில் அது தாராளமாக இருக்கிறது, நாரோடு சேர்த்து.

இனி ரின். மூடி அடைத்துக் கடும் சூட்டில் வேகவைப்பதால்தான் உள்ளே கிருமி வளர்வதில்லை, ஆகவே வேறு பாதுகாப்பு மருந்து பெரும்பாலும் தேவைப்படுவதும் இல்லை. அந்தச் சூட்டில் விற்றமின் சியும் பி1உம் குறையும், உண்மை. நார்ச்சத்து, புரதம், இரும்புச்சத்தில் பெரும்பங்கு அப்படியே இருக்கும். ரின் கடலையில் 100 கிராமுக்குச் சுமார் 6 கிராம் நார், ஜூஸில் ஒரு கிராம்கூடத் தேறாது. ரின்னின் குறை உப்பு. பிரஷர் உள்ளவர்கள் அதைக் கவனிக்கத்தான் வேண்டும், ஆனால் உப்புத் தண்ணீரை ஊற்றிவிட்டுக் குழாய்த் தண்ணீரில் நன்றாக அலசினால் சோடியத்தில் மூன்றில் ஒரு பங்குக்கு மேல் போய்விடும். ஜூஸில் கரைந்த சீனியை அப்படி வெளியே எடுக்க வழியே இல்லை. சோஸில் ஊறிய போஞ்சி விதை ரின் மட்டும் வேறு கதை, அதில் உப்பும் சீனியும் இரண்டுமே உண்டு. வீங்கிய ரின்னைத் திறக்கவே வேண்டாம்.

நீரிழிவுக்கு மருந்து எடுப்பவருக்குச் சீனி இறங்கி வியர்த்து நடுங்கினால், உணர்வோடு விழுங்கக்கூடிய நிலையில் அரைக் கப் ஜூஸ் உடனே உதவும். அந்த நேரத்துக்கு வீட்டில் ஒரு பக்கெட் வைத்திருங்கள். சந்தையில் பப்பாசியும் கங்குனும் கிடைக்கிற நாட்களில் ரின்னும் தேவையில்லை, அதையும் சொல்லிவிடுகிறேன்.

மார்கழி வெள்ளத்துக்குப் பொதி கட்டுகிற இளைஞர்களிடம் ஒரு வேண்டுகோள்: ஜூஸ் பக்கெட்டுகளைக் குறைத்து, கடலை, பட்டாணி ரின்களைக் கூட்டுங்கள். கையால் இழுத்துத் திறக்கும் மூடி உள்ளதாகப் பாருங்கள், முகாமில் ரின் வெட்டி கிடைக்காது. அலசத் தண்ணீர் இல்லாவிட்டாலும் உள்ளே இருக்கும் உப்புத் தண்ணீரை வடித்துவிட்டுச் சாப்பிடச் சொல்லிக் கொடுங்கள்.