வீட்டு டே கேர்: பராமரிப்புச் செலவில் கைவிட்டுப் போகும் வரிக் கழிவு

அமெரிக்காவில் வீட்டிலேயே டே கேர் நடத்தும் பெண்களுக்கு வரிக் கணக்குத் தயாரிக்கும் தொழிலில், டயப்பருக்கும் பாலுக்குமான ரசீதுகளைப் பத்திரமாகக் கொண்டுவருபவர்கள், ஹீட்டர் பழுதுபார்த்த பில்லை மட்டும் “அது வீட்டுச் செலவுதானே” என்று விட்டுவிடுவதைத் தொடர்ந்து பார்க்கிறேன். அந்தச் செலவிலும் ஒரு பங்கைத் தொழில் வருமானத்திலிருந்து கழிக்கலாம்.

தொழிலுக்கென்றே தனியாக ஒதுக்கிய இடத்துக்குத்தான் கழிவு என்பது பொது விதி. ஆனால் மாநில உரிமம் பெற்ற, அல்லது அதற்கு விண்ணப்பித்திருக்கும் டே கேர்களுக்கு அமெரிக்க வருமான வரிச் சட்டத்தின் 280ஏ பிரிவு இதிலிருந்து விலக்களிக்கிறது. பகலில் குழந்தைகள் உறங்கும் கூடத்தில் மாலையில் குடும்பத்தினர் அமர்ந்தாலும் அது கணக்கில் சேரும். அதற்கு ஈடாக, இடத்தோடு நேரத்தையும் கணக்கிட வேண்டும்.

2,000 சதுர அடி வீட்டில் 1,400 சதுர அடி வழக்கமாகப் பயன்பட்டால் இடப் பங்கு 70 சதவீதம். நாளுக்கு 11 மணி நேரம், ஆண்டுக்கு 250 நாள் என்றால் 2,750 மணி நேரம். ஆண்டின் 8,760 மணி நேரத்தில் இது சுமார் 31.4 சதவீதம். இரண்டையும் பெருக்கினால் வரும் 22 சதவீதமே வீட்டுச் செலவில் தொழிலின் பங்கு.

பலர் இங்கேதான் இழக்கிறார்கள். குழந்தைகள் வருமுன் சமைப்பதும், போன பின் கம்பளத்தைத் துடைத்துப் பொம்மைகளைக் கழுவி வைப்பதும் டே கேர் வேலைதான். நாளுக்கு அப்படி ஒன்றரை மணி நேரம் சேர்ந்தால் பங்கு 25 சதவீதமாக உயரும். கூரை ஒழுகலை அடைத்த 1,200 டாலரில் 264க்குப் பதில் 300 டாலர் கழியும். வாடகை, மின்சாரம், காப்பீடு எல்லாவற்றுக்கும் இதே விகிதம் பொருந்துவதாலும், சுயதொழில் வரியும் சேர்ந்து குறைவதாலும், அன்றன்றைக்கு நேரத்தைக் குறித்துவைக்குமாறு வற்புறுத்துகிறேன். நினைவிலிருந்து ஆண்டிறுதியில் எழுதிய கணக்கை அமெரிக்க வரித்துறையான ஐ.ஆர்.எஸ். நடத்தும் தணிக்கையில் நிலைநிறுத்துவது கடினம்.

குழந்தைகள் நுழையவே நுழையாத படுக்கையறைக்கு வண்ணம் பூசிய செலவு சேராது. உண்மைச் செலவுகளைக் கணக்கிடாமல் சதுர அடிக்கு 5 டாலர், உச்சமாக 1,500 டாலர் எனக் கழிக்கும் எளிய முறையிலும் டே கேருக்கு நேர விகிதம் பெருக்கப்படும் என்பதால், இரண்டு வழியிலும் கணக்கிட்டுப் பார்க்காமல் அதைத் தேர்ந்தெடுக்க வேண்டாம்.

ஒழுகலை அடைப்பது பழுதுபார்ப்பு. கூரையையே மாற்றுவது மேம்பாடு. முன்னதன் தொழில் பங்கு அந்த ஆண்டிலேயே கழியும். பின்னதன் பங்கு பொதுவாக 39 ஆண்டுகளுக்குத் தேய்மானமாகப் பிரிந்து, ஆண்டுதோறும் சிறிது சிறிதாகக் கழியும். ஆகவே, கூரை மாற்றும் ஒப்பந்தக்காரரே அதற்குத் தொடர்பில்லாத குளியலறைக் குழாயையும் சரிசெய்தால், இரண்டுக்கும் தனித்தனித் தொகை எழுதிய பில்லைக் கேட்டு வாங்குங்கள்.