கண்மணியில் டோர்ச் அடித்துப் பார்ப்பது ஏன்?

தலையில் அடிபட்டு கொழும்பு தேசிய வைத்தியசாலைக்கு வரும் ஒருவரின் இமையைத் தூக்கி, வைத்தியர் சின்ன டோர்ச் ஒன்றை அடித்துப் பார்ப்பார். வாட்டுக்குப் போன பிறகும் தாதியர் அதையே திரும்பத் திரும்பச் செய்து தாளில் குறிப்பார்கள்.

கண்ணில் பட்ட ஒளியின் செய்தி பார்வை நரம்பு வழியே நடுமூளைக்குப் போகும். சுருங்கும் கட்டளை அங்கிருந்து இரு பக்கமும் பிரிந்து, மூன்றாம் மூளை நரம்பு வழியே கதிராளியின் (கண்மணியைச் சுற்றியுள்ள நிற வளையத்தின்) தசைக்கு வரும். அதனால் ஒரு கண்ணில் ஒளி பட்டாலும் இரண்டு கண்மணிகளும் சுருங்கவேண்டும்.

அறை மங்கலாக இருக்கட்டும். நோயாளி தூரத்தில் ஒன்றைப் பார்க்கவேண்டும். டோர்ச்சையே உற்றுப் பார்த்தால், கிட்டப் பார்ப்பதாலேயே கண்மணி சுருங்கிவிடும். முதலில் இரண்டின் அளவையும் மில்லிமீற்றரில் குறித்துக்கொண்டு, கண்ணுக்கு 2, 3 வினாடி வீதம் ஒளியை மாறி மாறிக் காட்டுவார்கள். ஒளி இடக்கண்ணுக்கு வந்ததும் அது சுருங்காமல் விரிந்தால், பெரும்பாலும் இடப்பக்கப் பார்வை நரம்பில் கோளாறு. வெண்புரை மட்டும் இருந்தால் இப்படி ஆகாது.

இரு கண்மணிகளும் சமமில்லை என்றதும் பதறத் தேவையில்லை. நலமாக இருப்பவர்களில் ஏறக்குறைய ஐந்தில் ஒருவருக்கு 1 மில்லிமீற்றருக்குள் வித்தியாசம் உண்டு. வெளிச்சத்தில் வித்தியாசம் கூடினால் பெரிய கண்மணியில்தான் பழுது. இருட்டில் கூடினால் சிறியதில்.

மூன்றாம் நரம்பில்தான் விசேஷம் இருக்கிறது. இமையைத் தூக்குவதும் கண்ணைப் பெரும்பாலும் திருப்புவதும் அதே நரம்புதான். கண்மணியைச் சுருக்கும் இழைகள் அதன் மேற்பரப்பை ஒட்டி ஓடுகின்றன. மண்டைக்குள் இரத்தம் கசிந்து மூளை ஒரு பக்கம் தள்ளப்பட்டால், நசுங்குவது முதலில் அவைதான். அந்தப் பக்கக் கண்மணி விரிந்து, ஒளிக்கு அசையாமல் நிற்கும். நீரிழிவில் கெடுவது நரம்பின் உள்ளே உள்ள நுண்குழாய்கள். அதனால் இமை தொங்கும், கண் திரும்பாது, ஆனால் கண்மணி பெரும்பாலும் தப்பிவிடும். இமை தொங்கி கண்மணியும் விரிந்திருந்தால், மூளை இரத்தக்குழாய் ஒன்று பலூன்போல வீங்கி நரம்பை அழுத்துகிறதா என்று அன்றைக்கே ஸ்கான் எடுத்துப் பார்க்கவேண்டும்.

மயக்கத்தின் ஆழத்தைப் புள்ளியில் சொல்லும் கிளாஸ்கோ மயக்க அளவுகோலோடு 2018இல் கண்மணியையும் சேர்த்துப் புள்ளியிடும் முறை வந்தது. ஒளிக்கு அசையாத ஒவ்வொரு கண்மணிக்கும் மொத்தப் புள்ளியில் ஒன்று கழியும்.

ஏமாற்றும் காரணங்களும் நிறைய. டோர்ச் பற்றரி இறங்கியிருந்தால் நல்ல கண்மணியும் சோம்பேறியாகத் தெரியும். ஊமத்தை இரண்டையும் விரிக்கும். மோர்பினும் ஓகனோபொஸ்பேற்றுப் பூச்சிமருந்தும் ஊசிமுனையாக்கும். இமை தொங்காமல், தலையிடி இல்லாமல், தெளிவாகப் பேசும் ஒருவருக்கு ஒரு கண்மணி மட்டும் விரிந்திருந்தால், அந்தக் கண்ணுக்கு என்ன சொட்டுமருந்து விட்டார் என்றுதான் முதலில் கேட்கவேண்டும்.