ஓடுதளத்துக்குப் பக்கத்தில் வரத்துக்கால்: சிறுபாலம் கட்ட யார் யாரிடம் அனுமதி வாங்க வேண்டும்?

மேலக் கண்மாய் நிறைந்து கலுங்கு வழிந்தால்தான் கீழக் கண்மாய்க்குத் தண்ணீர். கீழக் கண்மாய் பெருகினால்தான் அடுத்த ஊர் ஊருணிக்கு. காரைக்குடி, தேவகோட்டை வட்டாரத்தில் நிலம் பொதுவாக வடமேற்கிலிருந்து தென்கிழக்காகக் கடலைப் பார்த்துச் சரிகிறது. அந்தச் சரிவில் கண்மாய்களைக் கோத்துவைத்திருப்பவை வரத்துக்கால்கள். ஆண்டில் பாதிக்கு மேல் காய்ந்து, கருவை மண்டி, வாய்க்கால் என்றே தெரியாமல் கிடக்கும். இரண்டு குழாயைப் போட்டு மண்ணைத் தள்ளி வழி செய்துகொள்ளலாம் என்ற நினைப்பு வருவதும் அதனால்தான்.

கானாடுகாத்தான் பக்கம் செட்டிநாடு கால்நடைப் பண்ணை நிலத்தில் இரண்டாம் உலகப்போர்க் காலத்து ஓடுதளம் ஒன்று கிடக்கிறது. விமானம் வந்துபோவதில்லை, மறுபடி இயக்க வேண்டும் என்ற கோரிக்கை மட்டும் அவ்வப்போது எழும். இப்படியோர் ஓடுதளத்தைப் புதுப்பித்தாலும், அதையொட்டிச் சாலை போட்டாலும் எங்காவது ஒரு வரத்துக்கால் குறுக்கே வரும். அங்கே சிறுபாலம் கட்டத் தேவையான அனுமதிகளைப் பற்றியது இந்த விளக்கம். ‘சுற்றுச்சூழல் அனுமதி’ என்று ஒரே தாளில் எல்லாம் முடிந்துவிடாது. வாய்க்கால் யாருடையது, திட்டம் எவ்வளவு பெரியது, ஓடுதளம் எவ்வளவு பக்கம் என்ற மூன்று கேள்விக்கும் மூன்று வாசல். டெல்லிக்குப் போக வேண்டிய கோப்புகூட முதலில் தட்டி நிற்பது தாலுகா ஆபீசில்தான்.

முதலில் ‘அ’ பதிவேடு

சர்வே எண்ணைப் போட்டு, நிலத்தின் வகைப்பாட்டைச் சொல்லும் வருவாய்த்துறையின் ‘அ’ பதிவேட்டுப் பிரதியையும், நிலத்தின் அளவு வரைபடமான புலப்படத்தையும் எடுங்கள். தமிழக அரசின் இ-சேவை நில ஆவணத் தளத்தில் ‘அ’ பதிவேட்டைப் பார்க்கலாம். வகைப்பாட்டில் ஓடை, வாய்க்கால், கண்மாய், ஊருணி என்று இருந்தால் அது நீர்நிலைப் புறம்போக்கு. நிலத்தில் தடமே இல்லாமல் தூர்ந்து போயிருந்தாலும் பதிவேடு சொல்வதுதான் கணக்கு. எதிர்ப்பக்கமாகவும் ஒரு சிக்கல் உண்டு: பட்டா நிலத்துக்குள் தண்ணீர் காலங்காலமாக ஓடிக்கொண்டிருக்கும், பதிவேட்டில் இருக்காது. அதையும் மறிக்கக் கூடாது; கீழே அந்தத் தண்ணீரில் பாசனம் செய்யும் ஆயக்கட்டுதாரர்களுக்கு வழக்காற்று உரிமை இருக்கிறது.

அடுத்து, கண்மாய் யார் பொறுப்பில் உள்ளது? ஆயக்கட்டு 100 ஏக்கரும் அதற்கு மேலும் என்றால் நீர்வளத்துறை. அதற்குக் கீழே என்றால் ஊராட்சி ஒன்றியம். ஊர் வழக்கில் ‘பொதுப்பணித்துறைக் கண்மாய்’, ‘ஒன்றியக் கண்மாய்’ என்பார்கள். வரத்துக்காலும் தான் போய்ச் சேரும் கண்மாயின் கணக்கிலேயே வரும். நீர்வளத்துறைக் கண்மாய் என்றால் தடையில்லாச் சான்றுக்கு உதவிப் பொறியாளர் பிரிவில் தொடங்கிச் செயற்பொறியாளர் வரை கோப்பு நகர வேண்டும். துறைப் பொறுப்பில் உள்ள ஏரி, கண்மாய்களுக்கு 2007-ஆம் ஆண்டின் ஏரிகள் பாதுகாப்பு மற்றும் ஆக்கிரமிப்பு அகற்றல் சட்டமும் பொருந்தும். அனுமதி இல்லாமல் போட்ட குழாய் அந்தச் சட்டத்தின் கண்ணுக்கு ஆக்கிரமிப்புதான். மேலே போகும் சாலை நெடுஞ்சாலைத்துறையுடையது என்றால் அங்கேயும் தனியாக ஒரு சம்மதம் வேண்டும்: பாலத்தின் தலை ஒரு துறை, வயிறு இன்னொரு துறை.

வாய்க்கால் வனத்துறை நிலத்தைத் தொட்டுப் போனால் கதை வேறு. அகலம் ஒரு மீட்டரே ஆனாலும் 1980-ஆம் ஆண்டின் வனப் பாதுகாப்புச் சட்டப்படி முன் ஒப்புதல் வேண்டும்.

விண்ணப்பத்தோடு வைக்க வேண்டிய கணக்கு

நீர்வளத்துறைப் பொறியாளர் முதலில் தேடுவது ஒரே ஒரு எண்ணை: இந்த இடத்தில் உச்ச மழையில் வினாடிக்கு எத்தனை கன மீட்டர் தண்ணீர் வரும்? சிறிய வரத்துப் பரப்புக்குக் கணக்கு எளிது. 0.278-ஐ ஓட்டக் கெழு, மணிக்கு எத்தனை மில்லிமீட்டர் என்ற மழைச் செறிவு, சதுர கிலோமீட்டரில் வரத்துப் பரப்பு ஆகிய மூன்றாலும் பெருக்கினால் விடை.

50 ஹெக்டேர், அதாவது 0.5 சதுர கிலோமீட்டர் பரப்பிலிருந்து தண்ணீர் வருகிறது என்று வைத்துக்கொள்வோம். மழை மணிக்கு 75 மில்லிமீட்டர், கெழு 0.5. விடை வினாடிக்கு ஏறத்தாழ 5.2 கன மீட்டர். தண்ணீரின் வேகம் வினாடிக்கு 2 மீட்டர் என்று கொண்டால், 600 மில்லிமீட்டர் ஹியூம் பைப் (கான்கிரீட் குழாய்) ஒன்று கடத்துவது 0.57 கன மீட்டர்தான். பத்துக் குழாய் வேண்டும்; ஊரில் போடுவது இரண்டு. 1000 மில்லிமீட்டர் குழாய் என்றால் 1.57 வீதம் நான்கு. இதற்குப் பதில் 2 மீட்டர் அகலம், 1.5 மீட்டர் உயரத்தில் ஒரே ஒரு பாக்ஸ் கல்வெர்ட் (பெட்டி வடிவச் சிறுபாலம்) கட்டினால், 1.3 மீட்டர் ஆழத்துக்குத் தண்ணீர் ஓடியும் மேலே 20 சென்டிமீட்டர் இடைவெளி மிஞ்சும். விலை கூடுதல்தான். ஆனால் நாலு குழாய்க்கு நடுவே சிக்கும் கருவைக் கொப்பும் பிளாஸ்டிக்கும் பாக்ஸில் சிக்குவதில்லை. குழாய்தான் என்றால் 1000 மில்லிமீட்டருக்குக் குறைக்காதீர்கள். ஆள் உள்ளே புகுந்து தூர்வார முடியாத குழாய் சில மழையிலேயே அடைத்துக்கொள்ளும்.

ஓட்டக் கெழு எதைச் சொல்கிறது? பெய்த மழையில் எவ்வளவு மண்ணுக்குள் இறங்காமல் ஓடுகிறது என்பதை. ஓடுதளம் வந்தால் அது மாறிவிடும். 1,500 மீட்டர் நீளம், 30 மீட்டர் அகலத்தில் தார் போட்டால் 45,000 சதுர மீட்டர். அதன்மேல் 50 மில்லிமீட்டர் மழை பெய்தால் 22.5 லட்சம் லிட்டர். முன்பு செம்மண் கொஞ்சம் குடித்தது. இனி அவ்வளவும் உடனே வாய்க்காலுக்கு வரும். பழைய கெழுவை வைத்துப் பாலம் போட்டவர்கள் பாலத்துக்கு மேலே வயலையும் கீழே கரையையும் இழப்பார்கள்.

அளவுக்கு அடுத்தது மட்டம். கல்வெர்ட்டின் தளம் வாய்க்கால் அடிமட்டத்துக்குச் சமமாகவோ சற்றுத் தாழ்ந்தோ இருக்க வேண்டும். ஒரு சாண் உயர்த்திக் கட்டினால், முதல் மழைத் தண்ணீர் அத்தனையும் மேல்பக்கமே தேங்கிவிடும், கண்மாய்க்குப் போகாது. பெருமழையில் தண்ணீர் ஓடுவதைப் பார்த்து ‘பாலம் சரியாகத்தான் இருக்கிறது’ என்பார்கள். சிறுமழையில்தான் பிழை தெரியும். அதனால் கண்மாயின் அளவுகளைப் பதிந்துவைத்திருக்கும் மெமாயர் என்ற ஆவணத்தின் பிரதியை வாங்கி, அதிலுள்ள மடை மட்டம், முழு நீர்மட்டம், கலுங்கு மட்டம் ஆகியவற்றோடு உங்கள் பாலத்தின் மட்டத்தையும் ஒரே வரைபடத்தில் குறித்துக் கொடுங்கள். பல வாரக் கடிதப் போக்குவரத்து மிச்சம்.

டெல்லி வரை போக வேண்டியது எப்போது?

சிறுபாலம் ஒன்றை மட்டும் கட்ட மத்திய அரசின் சுற்றுச்சூழல் அனுமதி தேவையில்லை. 2006-ஆம் ஆண்டுச் சுற்றுச்சூழல் தாக்க மதிப்பீட்டு அறிவிக்கையின் பட்டியலில் கல்வெர்ட் என்று ஓர் இனமே கிடையாது. ஆனால் 7(அ) இனத்தில் விமான நிலையங்கள் இருக்கின்றன. வணிகப் பயன்பாட்டுக்கான ஓடுதளங்களும் அதில் அடக்கம். ‘ஏ’ பிரிவு என்பதால் முடிவெடுப்பது மத்திய அமைச்சகம். எரிபொருள் நிரப்பும் வசதியும் விமானப் போக்குவரத்துக் கட்டுப்பாடும் இல்லாத ஓடுதளத்துக்கு விலக்கு உண்டு. ஓடுதளத் திட்டத்தின் ஒரு பகுதியாக வாய்க்காலைத் திருப்புவதாகவோ மூடுவதாகவோ இருந்தால், அந்த வேலையையும் சேர்த்தே அறிக்கையில் காட்ட வேண்டும். ‘அது வேறு டெண்டர்’ என்று பிரித்துக் காட்டுவது பிற்பாடு வழக்குக்குத்தான் வழி.

மத்திய அமைச்சகத்தின் பரிவேஷ் இணையதளத்தில் விண்ணப்பம், ஆய்வு வரம்பு, வரைவு அறிக்கை, மக்கள் கருத்துக்கேட்பு, நிபுணர் குழு, அனுமதி என்று நடைமுறை போகும். கருத்துக்கேட்பை மாசு கட்டுப்பாட்டு வாரியம் நடத்தும். குறைந்தது 30 நாள் முன்னறிவிப்பு வேண்டும். அறிக்கையின் சுருக்கம் தமிழிலும் இருக்க வேண்டும். கலெக்டர் அலுவலகத்தில் பார்க்கலாம்.

100 ஹெக்டேருக்குக் குறையாத திட்டத்துக்குள் நீர்நிலை இருந்தால், 2023-இல் சட்டமன்றம் நிறைவேற்றிய தமிழ்நாடு நில ஒருங்கிணைப்பு (சிறப்புத் திட்டங்களுக்கான) சட்டத்தை அரசு கையில் எடுக்கலாம். நீர்நிலை நிலத்தையும் சேர்த்து ஒருங்கிணைக்க அது இடம் தருகிறது. நீர்க் கொள்ளளவு குறையக் கூடாது என்ற நிபந்தனையோடு. கொள்ளளவு குறையாமல் வரத்து மட்டும் அறுந்தால் என்ன ஆகும் என்பதுதான் இங்கே கேட்க வேண்டிய கேள்வி. வரத்து இல்லாத கண்மாய் வெறும் பள்ளம்.

ஈரநில விதிகளைப் பற்றி ஒரு தவறான எண்ணம் பரவியிருக்கிறது. 2017-ஆம் ஆண்டு விதிகள் பாசனத்துக்கும் குடிநீருக்கும் மனிதர் வெட்டிய நீர்நிலைகளை வரையறையிலிருந்தே விலக்கிவிட்டன. எல்லாக் கண்மாய்க்கும் அதைக் காட்டி மனுப் போட்டால் நிற்காது. வேட்டங்குடி பறவைகள் சரணாலயம் போன்ற இடத்துக்கு அருகில் என்றால் வனவிலங்குச் சட்டம் தனியாக உண்டு.

ஓடுதளத்தின் பக்கமிருந்து பார்த்தால்

விமானம் ஓடும் இடம் என்றால் தண்ணீரைவிடப் பறவை பெரிய கவலை. சிறுபாலத்தின் வாயில் ஒரு முழம் தண்ணீர் தேங்கினால் போதும், கொக்கும் நாரையும் இறங்கிவிடும். விமான நிலையத்தின் இடத்தைக் குறிக்கும் புள்ளியிலிருந்து 10 கிலோமீட்டருக்குள் குப்பை கொட்டுவதையும் கால்நடை அறுப்பதையும் 1937-ஆம் ஆண்டு விமான விதிகளின் 91-ஆம் விதி தடுப்பதும் பறவைகளை நினைத்தே. ஆகவே பாலத்தின் இரு வாயிலும் கான்கிரீட் தளம் போட்டு, தண்ணீர் நிற்காமல் வடியச் சரிவு கொடுங்கள்.

அடுத்தது உயரம். பாலத்துக்கு உயரம் ஏது என்று கேட்கலாம். அதைத் தூக்கிவைக்கும் கிரேனுக்கு உண்டு. பெரிய ஓடுதளங்களில் இறங்குபாதையின் தடைத் தளம், அதாவது எந்தப் பொருளும் தாண்டக் கூடாத கற்பனைச் சரிவு, 2 விழுக்காடு சரிவில் எழும். அது தொடங்கும் இடத்திலிருந்து 500 மீட்டர் தள்ளி நின்றாலும் அனுமதிக்கும் உயரம் 10 மீட்டர்தான். 20 மீட்டர் உயரத்துக்குக் கையைத் தூக்கும் கிரேன் அங்கே தடைப்பொருள். வேலைக்கு முன்பே விமான நிலைய நிர்வாகத்திடம் எந்திரத்தின் உயரத்தையும் நேரத்தையும் எழுத்தில் கொடுத்து ஒப்புதல் வாங்க வேண்டும். ஓடுதளத்தைச் சுற்றியுள்ள பட்டைக்குள் வேலை என்றால் விமானம் இல்லாத நேரத்தில் மட்டும். விமானிகளுக்கான அறிவிப்பும் போக வேண்டும். வேலை முடிந்து கிடக்கும் ஜல்லி, சாக்கு, கம்பித் துண்டு ஒவ்வொன்றையும் பொறுக்க வேண்டும். எஞ்சினுக்குள் போனால் விபத்து.

பாதுகாப்புக்காரர்கள் கேட்கும் கம்பித் தடுப்புதான் எல்லாவற்றிலும் தொல்லை பிடித்தது. சுற்றுச்சுவருக்கு அடியில் போகும் கல்வெர்ட் வழியாக ஆளும் நாயும் நுழையாமல் இருக்க, வாயில் கம்பி வைக்கச் சொல்வார்கள். கம்பிக்குக் கம்பி ஒரு சாண்கூட இருக்காது. ஐப்பசி மழையில் அடித்துவரும் கருவைச் சுள்ளி, பனை மட்டை, சாக்கு எல்லாம் அதில் அப்பிக்கொள்ள, அரைமணியில் பாலம் அணையாகிவிடும். கம்பியை நட்டக்குத்தாக வைக்காமல், மேல்பக்கம் சாய்வாக, பாலத்து வாயைப்போல் இரண்டு மூன்று மடங்கு பரப்பில் வையுங்கள். மேலே ஆள் நின்று வாரும் தட்டும், பூட்டுத் திறக்கும் கதவும் வேண்டும். சாவி யாரிடம் இருக்கும், மழை இரவில் யார் திறப்பது என்பதைத் தடையில்லாச் சான்றின் நிபந்தனையாகவே எழுதி வாங்குங்கள். சாவி உள்ளே, தண்ணீர் வெளியே என்றால் கண்மாய்க்காரர்கள் சுவரேறியா குதிப்பார்கள்?

ஓடுதளத்தில் வழியும் தண்ணீரில் எண்ணெய்ப் படலமும் இருக்கும். இந்தப் பக்கத்து ஊருணிகள் பலவும் குடிக்கவே வெட்டியவை. வரத்துக்கால் ஊருணிக்குப் போகிறதா, கண்மாய்க்குப் போகிறதா என்று பார்த்து, ஊருணி என்றால் எண்ணெய் பிரிக்கும் தொட்டி இல்லாமல் இணைக்கவே கூடாது.

மண், மரம், மாதம்

அணுகுசாலைக்கு மண் கொட்ட வேண்டும். சாலை போன்ற நீள்வடிவத் திட்டங்களுக்குச் சாதாரண மண் எடுக்க 2020 மார்ச்சில் தந்த சுற்றுச்சூழல் அனுமதி விலக்கை 2024 மார்ச்சில் உச்ச நீதிமன்றம் ரத்து செய்துவிட்டது. ‘பக்கத்துக் கண்மாயில் அள்ளிக்கொள்ளலாம்’ என்று ஒப்பந்ததாரர் சொன்னால், கனிமவளத்துறை அனுமதித் தாளைக் கேளுங்கள். புறம்போக்கு மரத்தை வெட்டுவதென்றால் அனுமதி மாவட்டப் பசுமைக் குழுவின் வழியாக.

வடகிழக்குப் பருவமழை அக்டோபரில் பிடிக்கும். மாசி, பங்குனியில் தொடங்கி ஆவணிக்குள் முடியும்படி நாள் குறியுங்கள். வேலைக்காகப் போட்ட தற்காலிக மண்கரையை முழுவதும் எடுத்தால்தான் வேலை முடிந்ததாகக் கணக்கு. பாலம் நன்றாக இருந்தும் அந்தக் கரை கரையாமல் கிடந்து வாய்க்காலை மறிப்பது வழக்கமான கூத்து.

ஊர்க்காரர் கையில் இருப்பது

கருத்துக்கேட்பில் ‘விமான நிலையம் வேண்டாம்’ என்று சொல்வதைவிட, ‘எங்கள் கண்மாய்க்கு இப்போது எவ்வளவு வருகிறது, பாலத்துக்குப் பிறகு எவ்வளவு வரும், மட்டம் என்ன’ என்று கேட்டுப் பதிவு செய்வது கனமானது. பதிவான ஒவ்வொரு கேள்விக்கும் திட்டக்காரர் இறுதி அறிக்கையில் பதில் சொல்லியாக வேண்டும். அனுமதி கிடைத்தபின் நிபந்தனைகளை நிறைவேற்றிய விவரத்தை ஆறு மாதத்துக்கு ஒருமுறை, ஜூன் 1, டிசம்பர் 1 தேதிகளில் அவர்கள் தாக்கல் செய்ய வேண்டும். அது பொது ஆவணம். தடையில்லாச் சான்றின் நகலும் வரைபடமும் வேண்டுமென்றால் 10 ரூபாய்க் கட்டணத்தில் தகவல் உரிமை மனு. 30 நாளில் பதில். சுற்றுச்சூழல் அனுமதியை எதிர்ப்பதென்றால் சென்னையில் உள்ள பசுமைத் தீர்ப்பாயத் தென்மண்டல அமர்வில் 30 நாளுக்குள் மேல்முறையீடு. தக்க காரணம் காட்டினால் மேலும் 60 நாள்.

வேலை தொடங்கும் முன்பே இன்னொரு காரியம்: பாலத்துக்கு மேலும் கீழும் 50 மீட்டரில் வாய்க்காலின் அடிமட்டத்தை லெவல் எடுத்து, அசையாத ஒரு கல்லில் பெயின்ட் அடித்துக் குறித்து, பொறியாளரும் ஆயக்கட்டுதாரரும் சேர்ந்து கையெழுத்துப் போட்ட தாளில் ஏற்றுங்கள். ஒப்படைக்கும் நாளில் அதே கல்லிலிருந்து மறுபடி லெவல் எடுக்க வேண்டும். அன்று மட்டம் ஒரு சாண் ஏறியிருந்தால், ஒப்பந்ததாரரின் கடைசித் தவணை கொடுக்கப்படாமல் இருக்கும்போதே தளத்தை உடைத்து இறக்கச் சொல்லலாம்.